அரை லீற்றர்

மல்லாவிச் சந்தியில் என் கடை.
பலகையில் பச்சைக் கதிர், மஞ்சள் எழுத்து.
உள்ளே வருகிறவர்களுக்குத் தொண்டையில் பிடிக்கும் ஒரு மணம்,
எனக்கு அது எப்போதோ மணக்காமல் போய்விட்டது.

இன்றைக்கு விடியச் சந்தனம் வந்தான்.
முதல் பஸ்ஸில் வவுனியா, கிளினிக்.
கையில் சொப்பிங் பை, பைக்குள் கொப்பி,
கொப்பிக்குள் மடித்த துண்டில் ஓர் எண்.
"போன மாதம் நாலு தசம் ஒண்டு, இப்ப ஐஞ்சு தசம் ஆறு"
நெல் விலை ஏறினதைச் சொல்கிற குரலில் சொன்னான்.

பதினாலு போகம் ஊருக்கெல்லாம் அவன்தான் மருந்தடித்தான்.
தாங்கிக்கு இவ்வளவு என்று கூலி.
வாசர் தேய்ந்த தாங்கி முதுகில் ஒழுகும்.
நனைந்த சேட்டோடு வந்து
இந்த வாசலில் நின்றுதான் சோடா குடிப்பான்.
வாசர் என்னிடம் இருந்தது. அறுபது ரூபா.
அவன் கேட்கவில்லை.
நான் எடுத்துக் கொடுக்கவுமில்லை.

ஆர் பிழை?
டொக்டர் பெடியன் நல்லவன், பொய் சொல்லமாட்டான்:
"தண்ணியா இருக்கலாம், வெயிலா இருக்கலாம்,
மருந்தாயும் இருக்கலாம், எல்லாம் சேர்ந்தும் இருக்கலாம்."
அந்த ஒரு 'லாம்' நிழலில்
எத்தனை பேர் காலாறிக் குந்தியிருக்கிறார்கள்.
கப்பலில் இறக்கினவர்.
'கையுறை அணிக' என்று அச்சடித்துவிட்டுக் கைகழுவினவர்.
தடை என்று ஒரு கையெழுத்தும்
தடை இல்லை என்று இன்னொரு கையெழுத்தும் வைத்த மேசைகள்.
"கோரை இன்னும் சாகேல்லை, இன்னொருக்கா அடி" என்று
ரெலிபோனில் சொன்ன காணிக்காரர்.
கமநல நிலையத்தில் பாதுகாப்பு வகுப்பு ஒன்றும் நடந்தது,
வடை, பிளேன்ரீ, படம் போட்ட புத்தகம்.
சந்தனம் அன்று வயலில் நின்றான்,
வகுப்புக்கு வந்தவர்களின் வயலில்.

நானும் அந்த நிழலில்தான் இருந்தேன். நல்ல குளிர்மை.

ஆனால் ஒரு விசயத்தில் 'லாம்' இல்லை.
முழுக் கலன் வாங்க அவனிடம் காசு இராது.
நான்தான் மூடியை உடைத்து, புனல் வைத்து,
ஒறேஞ் சோடாப் போத்தலில் அரை லீற்றர் ஊற்றிக் கொடுப்பேன்.
மண்டையோடு, பட்டை, எச்சரிக்கை,
மூன்றாவதாய் எறும்பு ஊர்ந்ததுபோல் தமிழ்,
எல்லாம் கலனோடு கடையிலேயே நின்றுவிடும்.
அவன் கொண்டுபோனது நிறத்தை மட்டும்.
"எவ்வளவு விடுறது அக்கா?"
"ஒரு மூடி. புல்லுக் கனக்கவெண்டால் ஒண்டரை."
அந்த ஒன்றரையை எந்தக் கம்பனியும் அச்சடிக்கவில்லை.
என் வாயிலிருந்து வந்தது.

இன்றைக்கு அவன் வந்தது கடன் கட்ட.
மூவாயிரத்து இருநூறு, போன காலபோகத்து மிச்சம்.
வேண்டாமென்றேன். மேசையில் வைத்தான்.
"கடனோடை படுக்க ஏலாதக்கா."
வெயில் ஏறமுதலே நாக்கு வறண்டிருந்தது அவனுக்கு.
தண்ணீர் எடுக்கத் திரும்பினேன், மறித்தான்.
பையிலிருந்து சோடாப் போத்தல் ஒன்றை எடுத்துக் காட்டினான்:
"ஒரு நாளைக்கு இவ்வளவுதானாம். அளந்துதான் குடிக்கிறன்."
மூடியில் ஊற்றி ஒரு மிடறு.
மிச்சத்தைத் திருகி மூடினான்.

பஸ் ஹோன் அடித்தது.
கொப்பியில் அவன் பக்கத்துக்குக் குறுக்கே கோடு இழுத்தேன்.
என் பெயரில் அந்தக் கொப்பியில் ஒரு பக்கமும் இல்லை.

பத்து மணிபோலப் பாண்டியன்குளத்துப் பெடியன் ஒருவன்
மோட்டார்சைக்கிளில் தாங்கியைக் கட்டிக்கொண்டு வந்தான்.
வெறும் போத்தலை நீட்டினான்.
முழுக்கலன் எண்டால் தாறன், உடைச்சு ஊத்தமாட்டன் என்றேன்.
என்னக்கா புதுச் சட்டம் என்று சிரித்தான்.
அவன் தாங்கியின் அடியில் ஈரம்.
லாச்சியைத் திறந்து ஒரு வாசரைக் கையில் வைத்தேன்,
காசு வேண்டாம்.
சட்டைப் பையில் போட்டுக்கொண்டு
ரோட்டைக் குறுக்கே கடந்தான்.
எதிர்க்கடையிலும் புனல் இருக்கிறது.